மாரடைப்புக்குப் பின் மைதானம்

மாரடைப்பு கண்டு பிழைத்தவர் முதல் வாரத்தில் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று. மூன்றாம் வாரத்தில் கேட்கும் கேள்வி மற்றொன்று. முதல் வாரத்தில், "பிழைத்து எழுவேனா?" என்று கேட்கிறார். மூன்றாம் வாரத்தில், மனைவி அருகில் இல்லாத வேளை பார்த்து, சற்றே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனி நான் ஆடலாமா?" என்று கேட்கிறார். அவர் மாலை தோறும் குடியிருப்பின் முற்றத்தில் பாட்மிண்டன் ஆடியவராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் மட்டையை ஏந்திப் புறப்பட்டவராக இருக்கலாம். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவர் பலருக்கு மாலை ஆட்டம் உடற்பயிற்சி மட்டுமாக இருந்ததில்லை. மொழி பிடிபடாத ஊரில் முதல் நண்பர்களைத் தேடித் தந்தது அதுதான். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பவர் வெறும் பந்தைக் குறித்துக் கேட்கவில்லை என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் எக்காலத்தும் ஒரே விடையை அளித்ததில்லை. "நன்றாக உழை" என்று சொன்ன காலமும் உண்டு; "விரலையும் அசைக்காதே" என்று சொன்ன காலமும் உண்டு. அவ்விடைகள் மாறிவந்த வரலாறு, நேயர்களே, நாம் எண்ணுவதைவிடச் சுவையானது.

1768ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது மார்பில் தோன்றி, நின்றவுடன் தணிந்துவிடும் ஒருவகை வலியைக் குறித்துத் தம் கூட்டாளிகள் முன்னிலையில் ஒரு கட்டுரை படித்தார். அது இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் குழாய்களின் குறையால் வருவது என்பதை அவர் அறியார். ஆனால் கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதும் பண்பு அவரிடம் இருந்தது. தம் நோயாளி ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்குத் தாமே ஒரு கடமையாக விதித்துக்கொண்டார் என்றும், அதனால் ஏறக்குறையக் குணமே அடைந்துவிட்டார் என்றும், அவர் மறைவுக்குப் பின் 1802இல் வெளியான நூலில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. ஒரே வரிதான். அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆயினும் இருதய நோயாளி ஒருவர் உடலை வருத்தி நலம் பெற்றதாக ஏட்டில் ஏறிய பழைய செய்திகளில் இது முதன்மையானது.

அடுத்த நூற்றாண்டில் டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854ஆம் ஆண்டில் தம் நூலில், சில இருதய நோயாளிகள் சமதரையில் நடக்கத் தொடங்கிப் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டலாம் என்று எழுதினார். ஜெர்மனியில் ஏர்ட்டல் என்பார் இன்னும் ஒருபடி சென்று, மலைநகரங்களில் சரிவு குறைந்த பாதை, சரிவு மிகுந்த பாதை எனத் தரம் பிரித்து, நோயாளிகளை ஏறி இறங்கச் செய்தார். இவையெல்லாம் நல்ல தொடக்கங்களே. ஆனால் தொடரவில்லை.

ஏன் தொடரவில்லை என்பதற்கு ஒரு முரணான விடை உண்டு. மருத்துவ அறிவு வளர்ந்ததே அதற்குக் காரணம். 1912ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஜேம்ஸ் ஹெரிக், இருதயத்தின் இரத்தக் குழாய் திடீரென அடைபட்டால் உடனே மரணம் நிச்சயம் என்ற நம்பிக்கையைத் தகர்த்தார். அடைப்பு நேர்ந்த பின்னும் மனிதர் வாழக்கூடும் என்று காட்டினார். வாழக்கூடும் என்றால் அவரைக் காக்க வேண்டும் அல்லவா? பல நாட்கள் முழு ஓய்வு வேண்டும் என்று ஹெரிக் வற்புறுத்தினார். அவர் நாட்கள் என்று சொன்னதைப் பின்வந்தவர்கள் வாரங்களாக்கினார்கள்.

1939ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மாலரி, ஒயிட், சால்சிடோ-சால்கார் என்ற மூவர், மாரடைப்பால் இறந்த 72 பேரின் இருதயங்களை ஆராய்ந்து, சேதமுற்ற தசை எவ்வளவு காலத்தில் தழும்பாகிறது என்று கணக்கிட்டார்கள். சிறிய காயம் உறுதியான தழும்பாவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களாவது செல்லும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆறு வாரம் என்ற அந்த எண் மருத்துவமனைகளில் சட்டமாயிற்று. தழும்பு இறுகுமுன் எழுந்தால் இருதயச் சுவர் கிழிந்துவிடும், அல்லது பலூனைப்போல் உப்பிவிடும் என்று அஞ்சினார்கள். அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இருதயச் சுவர் கிழிந்து இறந்தவர்களும் உண்டு. ஆகையால் அக்கால மருத்துவர்களை அறிவிலிகள் என்று எளிதாக ஒதுக்கிவிடுவது முறையாகாது. அவர்கள் கையில் வேறு மருந்தும் அதிகம் இல்லை. கையில் ஒன்றுமில்லாதபோது, ஓய்வையாவது நிறைய அளிப்போம் என்று எண்ணுவது மனித இயல்பே.

அந்த ஓய்வு எத்தகையது என்பதை இக்காலத்தவர் கற்பனை செய்வதும் கடினம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சோற்றை மற்றவர் ஊட்ட வேண்டும். முகம் மழிப்பதையும் மற்றவரே செய்ய வேண்டும். பக்கம் புரளவும் துணை வேண்டும். மலஜலம் கழிப்பதும் படுக்கையிலேயே. நான்கு வாரம், ஆறு வாரம், சிலருக்கு எட்டு வாரம். இவ்வாறு கிடந்தவர்களுக்குக் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறிப்பது அபூர்வமாக இருக்கவில்லை. அவ்வாறு நேர்ந்தபோது, பழி படுக்கையின்மேல் விழாமல் இருதயத்தின்மேலேயே விழுந்தது. பிழைத்து எழுந்தவரோ தொடைத் தசை கரைந்து, நான்கு அடி வைத்தால் மூச்சு வாங்கும் நிலையில் எழுந்தார். "பார்த்தீர்களா, இருதயம் எவ்வளவு பலவீனப்பட்டுவிட்டது!" என்று சுற்றத்தார் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார். அந்த நம்பிக்கையோடு மைதானத்தின் கதவு மூடிக்கொண்டது.

இக்கட்டிலை முதலில் அசைத்தது ஒரு நாற்காலி. பாஸ்டன் நகரத்து மருத்துவர் சாமுவேல் லெவைன், தம் இளைய துணைவர் பெர்னார்டு லௌனுடன் சேர்ந்து, மாரடைப்பு கண்டவர்களைச் சில நாட்களுக்குள்ளேயே சாய்வு நாற்காலியில் அமர்த்தத் தொடங்கினார். அவர் கூறிய காரணம் எளியது. படுத்திருக்கும்போது காலிலிருந்து இரத்தம் பெருகி வந்து இருதயத்தின் சுமையைக் கூட்டுகிறது. காலைத் தொங்கவிட்டு அமர்ந்தால் அந்தச் சுமை குறைகிறது. ஆகவே அமர்ந்திருப்பதே உண்மையான ஓய்வு என்பது அவர் வாதம். 1952ஆம் ஆண்டில் 81 நோயாளிகளின் விவரத்தை இருவரும் வெளியிட்டார்கள். அஞ்சியபடி நோயாளிகளின் இருதயங்கள் கிழிந்து போகவில்லை. ஆனால் சக மருத்துவர்கள் எளிதில் இணங்கவில்லை. இளம் மருத்துவர்களே தம்மைக் கொடியவர்போல் நோக்கினார்கள் என்று லௌன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். உயிர்க்கொலைக்கு ஒப்பான செயல் என்று கருதப்பட்டது ஒரு நாற்காலியில் உட்கார வைத்தல்! இந்த லௌனே பின்னாளில், நின்றுபோகும் துடிப்பை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவியைச் செம்மைப்படுத்தியவர்; அணு ஆயுத எதிர்ப்பில் ஈடுபட்டு, அவர் இணைந்து நிறுவிய மருத்துவர் சங்கம் 1985இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1955 செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஐஸன்ஹோவர் டென்வர் நகரில் விடுமுறையில் இருந்தார். வயது 64. கோல்ப் ஆட்டத்தில் அவருக்கு இருந்த மோகம் உலகறிந்தது. அன்று காலை 18 குழிகள் ஆடினார். உணவுக்குப் பின் இன்னும் 9 குழிகள் ஆடினார். ஆட்டத்தின் நடுவே வெளிநாட்டு அமைச்சர் டல்லஸிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் அவரைக் குறுக்கிட்டு எரிச்சலூட்டின. பிற்பகலில் வயிற்றில் சங்கடம் தோன்றிற்று. மதிய உணவில் சேர்ந்த வெங்காயத்தின்மேல் குற்றம் சாட்டினார்கள். நள்ளிரவுக்குப் பின் நெஞ்சுவலி வந்தது. முதலில் செரிமானக் கோளாறு என்றே செய்தி வெளியிடப்பட்டது. மறுநாள் பிற்பகலில் இருதய மின்பதிவு எடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. வயிற்றுக் கோளாறு என்று எண்ணி நேரத்தைப் போக்குவது அதிபர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

திங்கட்கிழமை பங்குச் சந்தை ஒரே நாளில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் சரிந்தது. அதே நாளில், பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட டாக்டர் பால் டட்லி ஒயிட் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, மாரடைப்பு என்றால் என்ன, அது எவ்வாறு ஆறுகிறது என்று நாட்டுக்கே ஒரு பாடம் நடத்தினார். அதிபருக்கு மலம் கழிந்தது என்பது ஈறாக எதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையான பேச்சு சிலருக்கு முகச்சுளிப்பைத் தந்தது. நம் கருத்தில், அந்தப் பேச்சு செய்த நன்மை பெரிது. மாரடைப்பு என்ற சொல்லையே வீட்டில் உரக்கச் சொல்ல அஞ்சிய காலம் அது.

இந்த ஒயிட் யார்? 1939இல் ஆறு வாரக் கணக்கைத் தந்த மூவருள் ஒருவர். தாம் துணை நின்று கட்டிய கட்டிலிலிருந்து நோயாளிகளை எழுப்பிவிட முன்வந்தவரும் அவரே. அவர் தாமும் நடந்தார், மிதிவண்டி ஏறினார், எல்லோரையும் ஏறச் சொன்னார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் செல்லும் மிதிவண்டிப் பாதைக்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். அதிபரை அவர் வெகுநாள் கிடத்தி வைக்கவில்லை. நாற்காலி, சில அடி நடை, மாடிப்படி என்று முன்னேற்றி, நவம்பர் 11ஆம் நாள் மருத்துவமனையை விட்டு அனுப்பினார்கள். 1956 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஐஸன்ஹோவர் மறுபடி கோல்ப் மட்டையை எடுத்தார். நிருபர்கள் அதைக் கூர்ந்து கவனித்தார்கள். அந்த மாத இறுதியிலேயே மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதாக அவர் அறிவித்தார். மைதானத்துக்குத் திரும்பியதே மக்களுக்கு அவர் காட்டிய மருத்துவச் சான்றிதழ் என்று சொன்னால் மிகையாகாது. 1968ஆம் ஆண்டில், 77ஆம் வயதில், ஒரே அடியில் பந்தைக் குழியில் வீழ்த்தும் பேறும் அவருக்குக் கிட்டியது. ஆயினும் நோய் அவரை விட்டுவிடவில்லை. மேலும் பல மாரடைப்புகள் வந்தன. 1969 மார்ச்சில் காலமானார். ஆட்டம் அவரைக் காத்தது என்று சொல்வதற்கில்லை. ஆட்டம் அவரைக் கொன்றது என்றும் யாரும் சொல்லவில்லை.

ஓர் அதிபரைக் கொண்டு விஞ்ஞானம் எதையும் நிறுவ முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும். அக்கணக்குகள் அந்த ஆண்டுகளில்தான் வரத் தொடங்கின. 1953ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்பார் லண்டனின் இரட்டை அடுக்குப் பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் டிரைவரைக் காட்டிலும், மேலும் கீழும் படியேறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் அதன் கடுமை குறைந்திருந்தது. பின்னர் அவரும் கூட்டாளிகளும் சீருடைகளின் அளவைப் பார்த்தார்கள். டிரைவர்கள் வேலையில் சேரும்போதே இடை பருத்தவர்களாக இருந்தார்கள் என்று தெரிந்தது! அப்படியானால் வித்தியாசம் வேலையால் வந்ததா, ஆளால் வந்ததா? தம் முடிவைத் தாமே ஐயுற்று 1956இல் அதையும் வெளியிட்ட நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். அந்த ஐயம் தீரப் பல ஆண்டுகளும் பல ஆராய்ச்சிகளும் வேண்டியிருந்தன.

இதைவிடத் திகைப்பூட்டுவது 1966ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் நடந்த பரிசோதனை. இருபது வயது நிரம்பிய, நோய் ஏதுமற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடல் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் திறன் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது, உடல் பருத்திருந்தது. ஆயினும் முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம், அன்று மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தபோது, இழந்த அத்திறனை மீட்டும் கொண்டார்கள். மாரடைப்பால் எழ முடியாமற் போனதாக எண்ணிய எத்தனை பேர், உண்மையில் கட்டிலால் எழ முடியாமற் போனவர்கள் என்பதை இந்த ஐந்து இளைஞர்கள் நமக்குக் காட்டிவிட்டார்கள்.

இனி, பயிற்சி எவ்வாறு நலம் செய்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம். மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. அங்கே தழும்பு தழும்பாகவே இருக்கும். பின் எதைப் பழக்குகிறோம்? பெரும்பாலும் கைகால் தசைகளைத்தான். பழகிய தசை, வந்து சேரும் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை நிறைய எடுத்துக்கொள்ளக் கற்கிறது. ஆகவே அதே மாடிப்படியை ஏறுவதற்கு இருதயம் முன்போல் நிமிடத்துக்கு 130 முறை துடிக்க வேண்டியதில்லை. 110 முறை துடித்தாலும் போதும். இந்த எண்களை ஓர் உதாரணமாகவே கொள்ளுக. துடிப்பு குறைந்தால், குறுகிப்போன குழாய்வழி வரும் சிறிதளவு இரத்தமும் இருதயத்துக்குப் போதுமானதாகிறது. வலி தோன்றும் எல்லை தள்ளிப் போகிறது. சிக்கனமாகக் குடும்பம் நடத்தக் கற்ற இல்லத்தரசியைப்போல, உடல் அதே வருவாயில் அதிகம் செய்கிறது. ஹெபர்டனின் மரம் அறுத்தவருக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று இன்று நாம் ஊகிக்கிறோம்.

இந்த அறிவோடு துணிந்தவர்கள் சிலர். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து ஹெர்மன் ஹெலர்ஸ்டைன், நோயாளி எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று அளந்து சொல்லும் முறையில் தொடங்கிப் பயிற்சிக்கு வந்தார். இஸ்ரேலில் விக்டர் காட்ஹைனர் 1955 முதலே இருதய நோயாளிகளைக் கடுமையான விளையாட்டுகள் வரை படிப்படியாகப் பழக்கி, 1968இல் அவ்வனுபவத்தை வெளியிட்டார். கனடாவில் டொரான்டோ நகரத்து டெரன்ஸ் கவனா செய்ததோ செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குரியது. மாரடைப்பு கண்டு மீண்ட தம் நோயாளிகளுள் ஒரு குழுவை 1973 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் பந்தயத்துக்கு அழைத்துச் சென்றார். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்! ஒரு காலத்தில் சோறு ஊட்டப்பட வேண்டியவர்கள் எனக் கருதப்பட்ட வகையினர், மனித உடலைச் சோதிக்கும் பந்தயங்களுள் புகழ்பெற்ற ஒன்றில் ஓடினார்கள்.

இச்செய்தியைக் கேட்டு எழுச்சி கொள்வது எளிது. ஆனால் கவனாவின் ஆட்கள் ஓடிய தூரத்தைவிட, அவர்கள் ஓடாத நாட்களே நம் கவனத்துக்குரியவை. முதலில் நடை, அதுவும் ஒரே ஒரு மைல், குறித்த நிமிடத்தில். வலி இல்லையேல் சில வாரங்கள் கழித்து நிமிடத்தைக் குறைத்தல். பின் தூரத்தைக் கூட்டுதல். அதன் பின்னரே, நடைக்கு நடுவே சிறிது ஓட்டம். இடையிடையே நிலைமிதிவண்டியில் அமர்த்தி, மின்பதிவைப் பார்த்துக்கொண்டே சோதனை. பந்தயத்தில் முந்துவது நோக்கமன்று. நாடியின் எல்லையைக் கடக்காமல் கோட்டை அடைவதே நோக்கம். வருடக் கணக்கில் இவ்வாறு பழகினார்கள். ஓடியவர் எவரும் திடீர் வீரர் அல்லர்.

ஆர்வம் அளவைக் கடக்க வெகுநாள் ஆகவில்லை. மாரத்தான் ஓடி முடிப்பவருக்கு இருதயக் குழாய் நோயே வராது என்று எழுபதுகளில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் பாஸ்லர் சாதித்தார். பலர் அதை வேதவாக்காகக் கொண்டனர். தென்னாப்பிரிக்காவில் டிமதி நோக்ஸும் அவர் கூட்டாளிகளும் 1979இல், மாரத்தான் ஓடி இறந்தவர்களின் இருதயக் குழாய்களில் அடைப்பு இருந்ததைச் சவப் பரிசோதனையால் காட்டி அந்த வாதத்தை முறித்தார்கள். ஆயினும் மக்கள் மனத்தை மாற்றியது ஆராய்ச்சிக் கட்டுரையன்று. ஓட்டத்தைப் பற்றி 1977இல் பெரும் விற்பனை கண்ட நூலை எழுதிய ஜிம் ஃபிக்ஸ், 1984 ஜூலை 20ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்துச் சாலையொன்றில் ஓடும்போதே விழுந்து இறந்தார். வயது 52. அவர் தந்தையும் 43ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தவர். ஃபிக்ஸ் இளமையில் புகைத்தவர், பருத்தவர். ஓடத் தொடங்கி இரண்டையும் விட்டவர். ஓட்டம் அவர் ஆயுளைக் கூட்டியிருக்கலாம். ஆனால் குழாய்களில் முன்பே படிந்திருந்ததை அது துடைத்துவிடவில்லை. அவர் அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

அவர் மரணத்தைச் சுட்டி, "பார்த்தாயா, ஓடினால் இதுதான்!" என்று சாய்வு நாற்காலியில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களுக்கும் கணக்கு விடை சொல்லிற்று. 1989ஆம் ஆண்டில், பயிற்சி பெற்ற மாரடைப்பு நோயாளிகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட 22 ஆராய்ச்சிகளை ஒருங்கு திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகள். பயிற்சி பெற்றவர்களிடையே மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு கணக்கு, நம்மில் ஞாயிறு மட்டும் ஆடுபவர்கள் செவிசாய்க்க வேண்டியது. கடும் உழைப்பைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைவிட, வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவருக்கு இரண்டரை மடங்குக்கும் குறைவாகவே உயர்ந்தது. பழக்கமே இல்லாதவருக்கோ நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால், நூறு மடங்கும் பேரெண் ஆகிவிடாது. எனினும் ஆறு நாள் கோப்புகளின் முன் அமர்ந்திருந்து ஏழாம் நாள் ஐந்து ஆட்டம் ஒற்றையர் ஆடும் பழக்கத்தை நாம் எந்தக் கணக்கைக் கொண்டும் ஆதரிக்க இயலாது.

இதனிடையே நோயின் சிகிச்சையே மாறிவிட்டது. 1977ஆம் ஆண்டில் ஜூரிச் நகரில் கிரன்ட்ஸிக் என்பார் சிறு பலூனைக் குழாய்க்குள் செலுத்தி அடைப்பை விரித்தார். பின் ஸ்டென்ட் என்னும் வலைக்குழல் வந்தது. ஆறு வாரம் கிடந்த இடத்தில் இன்று சில நாட்களிலேயே வீடு திரும்புகிறார்கள். இது பேருதவியே. ஆனால் முன்பு அச்சம் மிகுந்திருந்த இடத்தில் இப்போது அலட்சியம் வந்து புகுந்திருக்கிறது. அடைப்பை நீக்கிவிட்டார்கள், ஆகவே நோய் நீங்கிற்று என்று எண்ணி மருந்தையும் பயிற்சியையும் ஒருங்கே கைவிடுபவர்கள் உண்டு. நீக்கியது ஓரிடத்து அடைப்பை. குழாய்களின் நோய் அங்கேதான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பின் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் மாதங்களில், மோதி விழும் ஆட்டங்களில் இரத்தப்போக்குக்கும் அஞ்ச வேண்டும்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் கதைகளைச் செய்தியில் பார்த்து நம் நிலையை முடிவு செய்துகொள்வதும் தவறு. ஸ்பெயின் நாட்டுக்கு 2010இல் உலகக் கோப்பையை வென்று தந்த அணித்தலைவர் இகர் கஸியாஸ், 2019 மே முதல் நாள் பயிற்சியின்போது மாரடைப்புக்கு உள்ளானார், வயது 37. பிழைத்தார், ஆனால் போட்டிக்குத் திரும்பாமலே 2020இல் ஓய்வை அறிவித்தார். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12ஆம் நாள் மைதானத்திலேயே சாய்ந்தார். எட்டு மாதம் கழித்துத் திரும்பினார். 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. எரிக்சனுக்கு நேர்ந்தது துடிப்பு திடீரென நின்றுபோதல். துடிப்பைக் காக்கும் கருவி ஒன்றை அவர் உடலில் பொருத்தினார்கள். மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. முன்னதைப் பின்னது என்று நாளேடுகள் எழுதிவிடுவதால், நோயாளிகளின் மனத்தில் வீண் அச்சமும் வீண் துணிவும் மாறிமாறிப் பிறக்கின்றன. நம் நாட்டில் கபில் தேவ் 2020 அக்டோபரில், 61ஆம் வயதில், மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை பெற்றுச் சில வாரங்களில் கோல்ப் மைதானத்தில் காணப்பட்டார். அவர் திரும்பியது வேகப்பந்து வீச்சுக்கு அன்று, கோல்ப் ஆட்டத்துக்கு என்பதை ரசிகர்கள் மறந்துவிடக்கூடாது!

நம் நாடு என்றவுடன் ஒருவரை நினைவு கூர்வது கடமை. பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் பயின்று, 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது குடும்பத்துப் பெண்களுடன் கோயமுத்தூர் வந்து சேர்ந்தவர் டாக்டர் பத்மாவதி. பின் அயல்நாடு சென்று, 1952இல் அதே பால் டட்லி ஒயிட்டிடம் பயின்றார். 1953இல் டில்லி வந்து, அங்கேயே வாழ்நாள் முழுவதும் இருதய மருத்துவப் பணி செய்து, 2020ஆம் ஆண்டில் 103ஆம் வயதில் மறைந்தார். இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்து வேற்றூரைத் தம் ஊராக்கிக்கொண்ட நமக்கு, அந்த வரலாறு அந்நியமானதன்று.

மேல்நாடுகளில் மாரடைப்புக்குப் பின் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் பல உண்டு. இங்கோ அவை பெருநகரங்களில் சில; பெரும்பாலோர்க்கு எட்டாதவை. மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு கையில் இருக்கும். எத்தனை அடி நடப்பது என்ற குறிப்பு பல வேளைகளில் இராது. அவ்விடத்தை உறவினரின் கடிதமும் தொலைபேசியும் நிரப்புகின்றன. "ஊருக்கு வந்து மூன்று மாதம் படுத்திரு, அண்ணா" என்று தங்கை அழைக்கிறாள். அன்பினால் சொல்கிறாள், ஆனால் அது 1939ஆம் ஆண்டுச் சிகிச்சை. மனைவி பாட்மிண்டன் மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரவு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் அவள். மட்டையை இறக்குவதற்கு முன் அவளையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் பேசுவது நலம். உழைப்புச் சோதனையின் முடிவை அவளும் கண்ணால் பார்க்கட்டும். அதன் பின் மருத்துவர் குறித்த அளவில் நடை. நடந்துகொண்டே வாக்கியம் முறியாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது ஓர் எளிய அளவுகோல். வட மாநிலங்களில் இருப்பவர்கள் தை மாதத்துக் குளிர்காற்றில் விடியற்காலை நடையைத் தவிர்த்து, வெயில் ஏறிய பின் புறப்படலாம். குளிர் குழாய்களைச் சுருக்கும். ஒற்றையர் ஆட்டத்துக்கு முன் இரட்டையர் ஆட்டம். அதற்கும் முன், புள்ளி எண்ணாமல் பந்தைத் தட்டிப் பழகும் சில வாரங்கள். மார்பிலோ, தாடையிலோ, இடக்கையிலோ இறுக்கம் தோன்றினால் அந்தப் புள்ளியை முடித்துவிட்டு நிற்பது என்ற பேச்சே கூடாது. அக்கணமே நிற்க வேண்டும்.

பயிற்சி நிலையங்கள் இல்லாத குறையை நம் நாட்டு முறையிலேயே ஈடுசெய்ய முடியுமா என்று பார்க்க ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், அண்மையில் மாரடைப்பு கண்ட 3,959 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எளிய யோகாசனங்களும் மூச்சுப் பயிற்சியும் கற்பித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை. முடிவு 2020இல் வெளியாயிற்று. யோகப் பயிற்சியால் மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக அது நிறுவவில்லை. அதை ஆராய்ந்தவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே மதிப்பிட்டபோது மேலான நிலையைச் சொன்னார்கள். நோய்க்கு முன் தாங்கள் செய்துவந்த காரியங்களுக்குத் திரும்புவதிலும் அவர்களே முன்னின்றார்கள்.